அட்மெட்டஸ் கேட்டானா

ஜனவரி 4, சனி

செல்வகணபதி மறுபடி போன் செய்தார். உலகத் தொன்மக் கதைகளுக்கு அறிஞர்கள் காலந்தோறும் சொல்லிவந்த விளக்கங்களைத் தொகுத்து ஒரு நூல் கொண்டுவருகிறார். கிரேக்கப் பகுதிக்கு நான் ஒரு கட்டுரை தரவேண்டும். "உடம்பு முடியலைன்னா விட்டுடலாம் சார், ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அவசரமில்லை என்று சொல்வதற்காகவே இந்த வாரம் அடிக்கடி கூப்பிடுகிறார். எழுதிவிடுகிறேன் என்றேன்.

கல்லூரியில் மருத்துவ விடுப்பு. செவ்வாய், வியாழன், சனி மதியங்களில் டயாலிசிஸ். மற்ற நாட்களில் உறையூர் வீட்டின் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் கால் சும்மா இருப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் யாரோ தண்ணீரைக் கலக்குவது போல இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இப்படி வருமாம். எழுதினால் அடங்குமா என்று பார்க்க இந்த நாட்குறிப்பையும் தொடங்கியிருக்கிறேன்.

எடுத்துக்கொண்ட கதை அல்செஸ்டிஸ். அட்மெட்டஸ் என்ற அரசனுக்குச் சாவு நெருங்குகிறது. அப்பல்லோ அவனுக்கு ஒரு சலுகை வாங்கித் தருகிறான்: அவனுக்குப் பதிலாக வேறொருவர் சாகச் சம்மதித்தால் அவன் பிழைக்கலாம். வயதான அப்பாவும் அம்மாவும் மறுத்துவிடுகிறார்கள். மனைவி அல்செஸ்டிஸ் சம்மதிக்கிறாள், சாகிறாள். அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வந்த ஹெராக்ளிஸ் சாவோடு மல்லுக்கட்டி அவளை மீட்டுக்கொண்டு வருகிறான். திரும்பி வந்தவள் முக்காட்டோடு நிற்கிறாள், ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஏன் இந்தக் கதை என்று செல்வகணபதி கேட்டார். சுருக்கமானது, குறிப்புகள் கைவசம் இருக்கின்றன என்று சொன்னேன். அது உண்மைதான்.

சுகந்தியின் பரிசோதனை முடிவுகள் போன வாரம் வந்துவிட்டன. அவளுடைய சிறுநீரகம் எனக்குப் பொருந்துகிறது. அம்மாதான் அவளிடம் பேச்செடுத்தது. நான் எதுவும் சொல்லவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் கணவன் வாய்திறப்பது அழகில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

சுகந்தி ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பள்ளிக்குப் போனாள். பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. அவளுடைய கோ-கோ அணி இந்த மாதக் கடைசியில் புதுக்கோட்டையில் ஆடுகிறது. கழுத்தில் விசில் தொங்க, ஹெல்மெட்டைக் கழற்றாமலே "தண்ணிய அளந்து குடிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

ஊசி குத்திய கையை அசைக்கக்கூடாது. காலை அசைக்காமலிருக்க முடியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டுரையின் முதல் பகுதியை மனத்துக்குள் எழுதினேன். கதைக்குக் கிடைக்கும் மிகப் பழைய விளக்கங்களில் இரண்டு ஒரே உரையாடலில், ஒரு விருந்தில் வருகின்றன. ஒருவன் சொல்கிறான்: அன்பு கொண்டவர்கள் மட்டுமே இன்னொருவருக்காகச் சாவார்கள், அல்செஸ்டிஸ் அதற்குச் சாட்சி. பிறகு வேறொரு குரல் சொல்கிறது: இல்லை, அழியாத புகழுக்காகத்தான் செத்தாள். அன்பா, புகழா என்பதில்தான் சண்டை. பயந்தாளா என்று விருந்தில் யாரும் கேட்கவில்லை. சரி, அது ஆய்வுக்குரிய கேள்வியும் இல்லை.

ஜனவரி 9, வியாழன்

கரூரிலிருந்து அண்ணன் போன் செய்தார். அவருக்கும் என் இரத்த வகைதான்.

"தனபாலு, தப்பா நெனச்சுக்காதடா. வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறா. எனக்கும் பிரஷர் இருக்கு. அதான் சுகந்தியோடது சேருதுன்னு அம்மா சொன்னாங்களே."

"சேருது."

"அப்புறம் என்னடா. கடவுள் பாத்துக்குவாரு."

போனை வைத்துவிட்டு, நாடகத்தில் அட்மெட்டஸின் அப்பா வரும் காட்சியைப் பற்றி ஒரே மூச்சில் எழுதினேன். தனக்கும் உயிர் இனிக்கிறது என்று கிழவர் கூச்சமில்லாமல் சொல்கிறார். பழைய உரைகாரர்கள் பலர் அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். பிந்திய அறிஞர்கள் சிலரோ, அந்த நாடகத்தில் உண்மை பேசுகிற ஒரே ஆள் அவர்தான் என்கிறார்கள். நான் பழையவர்கள் பக்கம். அண்ணன் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

ஜனவரி 12, ஞாயிறு

கால். ஒரு வரிகூட ஓடவில்லை.

ஜனவரி 16, வியாழன்

மகள் யாழினி பொங்கலுக்குக் கோவையிலிருந்து வந்திருந்தாள். விடுதிச் சாப்பாட்டில் இளைத்திருக்கிறாள். மதியம் டயாலிசிஸ் முடித்து வந்து படுத்திருந்தேன். அம்மா, சுகந்தி, யாழினி மூவரும் என் அறையிலேயே உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கரும்பைத் தொடக்கூடாது.

யாழினி திடீரென்று சொன்னாள்: "அப்பா, நான் தர்றேன். எனக்குப் பத்தொம்பது ஆயிடுச்சு. சின்ன வயசு கிட்னின்னா ரொம்ப வருஷம் வருமாம். படிச்சேன்."

"கூடாது" என்றாள் சுகந்தி.

அதட்டவில்லை. கரும்புச் சக்கையைக் காகிதத்தில் துப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அதைத்தான் சொல்ல இருந்தேன். சொல்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள். யாழினியிடம் பிறகு தனியாகச் சொல்லலாம் என்றிருந்தேன். அவள் ராத்திரியே பஸ்ஸுக்குக் கிளம்பிய அவசரத்தில் முடியவில்லை.

ஜனவரி 20, திங்கள்

நல்ல வேலை நடந்த நாள்.

அற்புதங்களை நம்பாத ஒரு பழைய கிரேக்கர் இப்படி விளக்குகிறார்: எதிரிகள் அட்மெட்டஸைப் பிடித்துவிட்டார்கள். அவனை விடுவிக்க அல்செஸ்டிஸ் தானே போய் எதிரிகளிடம் சரணடைந்தாள். அவனுக்காகச் செத்தாள் என்று ஊர் அதைப் பெரிதாக்கிவிட்டது. இன்னொருவர், ஹெராக்ளிஸுக்கு வைத்தியம் தெரியும், கைவிடப்பட்ட நோயிலிருந்து அவளைக் குணப்படுத்தினான், அவ்வளவுதான் கதை என்கிறார். அந்த இரண்டாவது விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. சாவும் தேவனும் போய், நல்ல மருத்துவர் ஒருவர் மட்டும் மிஞ்சுகிறார்.

ரோமப் பேரரசு சரிந்த காலத்து லத்தீன் உரைகாரர் ஒருவர் பெயர்களைப் பிரித்துப் பொருள் சொல்கிறார். அவர் கணக்கில் அல்செஸ்டிஸ் என்றால் துணிவு. அட்மெட்டஸ் என்றால் பயம் வந்து தொடக்கூடிய மனம். மொழியியல்படி இது தவறு. அந்தப் பெயருக்கு அடக்கப்படாதவன் என்றுதான் பொருள். தவறு என்று அடிக்குறிப்பில் அழுத்தமாகவே எழுதியிருக்கிறேன்.

சுகந்தி இரவுச் சாப்பாட்டில் பாதியை மூடி வைத்துவிட்டாள். கேட்டதற்கு, வெயிலில் நின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். ஜனவரியில் என்ன வெயில்.

ஜனவரி 22, புதன்

பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வந்திருக்கிறேன். ஐரோப்பாவில் இந்தக் கதையை இசை நாடகமாக்கியவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. மனைவியைச் சாகவிட்டு வாழ்கிறவனை மேடையில் எப்படி நாயகனாக நிறுத்துவது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தனக்குப் பதில் யார் சாகப்போகிறார்கள் என்பதே அட்மெட்டஸுக்குத் தெரியாது. தெரிந்ததும் துடித்துப்போகிறான் என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு இந்தத் திருத்தம் பிடித்திருக்கிறது. மனிதத்தன்மையுள்ள திருத்தம் என்று கட்டுரையில் எழுதினேன்.

நாளை மறுநாள் மருத்துவமனைக் குழுவின் நேர்காணல். உறுப்பு தருபவரைத் தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள், அதை வீடியோவில் பதிவு செய்வார்கள். சும்மா சடங்குதான்.

ஜனவரி 24, வெள்ளி

என்னிடம் கொஞ்சம்தான் பேசினார்கள். சுகந்தியை உள்ளே அழைத்துப்போனவர்கள் விடவேயில்லை. நானும் அம்மாவும் நடைபாதை நாற்காலியில் இருந்தோம். நான் இருந்தேன் என்று சொல்ல முடியாது, நடந்துகொண்டே இருந்தேன். அம்மா முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தபோது சுகந்தியின் முகம் கழுவியது போல ஈரமாக இருந்தது. பின்னாலேயே மருத்துவர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி.

"சார், ஒரு டெஸ்ட் திரும்பப் பாக்கணும். ஒரு வாரம் டைம் குடுங்க."

"என்ன டெஸ்ட் டாக்டர்? எல்லாம் நல்லா இருக்குன்னீங்களே?"

"இருக்கு. இருந்தாலும் பாத்துக்கறது நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு சுகந்தியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு ஸ்கூட்டரில் வரும்போது என்ன கேட்டார்கள் என்று கேட்டேன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். காற்றில் கேட்கவில்லை. திரும்பவும் கேட்கவில்லை நான்.

ஜனவரி 27, திங்கள்

சுகந்தி பிள்ளைகளோடு புதுக்கோட்டை போயிருக்கிறாள். வீட்டில் நானும் அம்மாவும். மருத்துவமனைக்குப் போன் செய்தால் ஒருங்கிணைப்பாளர்ப் பெண் "மேடம்தான் சார் சொல்லணும்" என்கிறாள். எந்த மேடம் என்று கேட்டால் லைனில் பாட்டுப் போடுகிறாள். என்ன நிர்வாகம் இது.

கட்டுரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவு. ஒரு சாரார் எல்லாவற்றையும் இயற்கையாகப் பார்த்தார்கள்: அட்மெட்டஸ் பாதாள தேவனின் பழைய பெயர், அல்செஸ்டிஸ் மண்ணுக்குள் போய் மீளும் பசுமை. அவர்களிடம் யாருமே சாவதில்லை, பருவம்தான் மாறுகிறது. இன்னொரு ஆங்கிலப் பேராசிரியர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். அல்செஸ்டிஸ் சாகவே இல்லை. இந்த நாளில் சாகப்போகிறோம் என்ற பயத்திலேயே மயங்கி விழுந்தாள். கணவன் வெட்கம் தாங்காமல் ஊருக்குத் தெரிவதற்குள் அவசர அவசரமாக அடக்கம் செய்துவிட்டான். ஹெராக்ளிஸ் கல்லறைக்குப் போனபோது மயக்கம் தெளிந்துகொண்டிருந்தது.

இந்தப் பேராசிரியரைப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் கேலி செய்தார்கள். நானும் கேலியாகத்தான் எழுதத் தொடங்கினேன். பாதியில் பேனாவை மூடிவிட்டேன்.

சாயங்காலம் சுகந்தி போன் செய்தாள். அரையிறுதிக்குப் போய்விட்டார்களாம். பின்னால் பெண்கள் கத்துவது கேட்டது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். என் குரல் கேட்டதும் சிரிப்பை நிறுத்தி, "மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

ஜனவரி 31, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

பள்ளியிலிருந்து வந்தவள் உடை மாற்றாமல், முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள்.

"டாக்டரம்மாகிட்ட இன்னிக்குப் பேசினேன்."

"ரிப்போர்ட் வந்துடுச்சா?"

"ரிப்போர்ட்டுன்னு ஒண்ணும் இல்லைங்க. டெஸ்ட்டே எடுக்கல."

நான் புரியாமல் பார்த்தேன்.

"அன்னிக்கு உள்ள, உனக்கு இதுல விருப்பமாம்மான்னு கேட்டாங்க. அப்படி யாரும் என்கிட்ட நேரா கேட்டதில்ல. ஆமான்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன், அழுகைதான் வந்துச்சு. கேமரா ஓடுது, நான் பாட்டுக்கு அழறேன். பயமா இருக்கு டாக்டர்னு சொல்லிட்டேன். அவங்க கேமராவ நிறுத்தச் சொல்லிட்டுப் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. பொருந்தலைன்னு நாங்க சொல்லிடறோம், காரணம் யாருக்கும் தெரியாது, உங்க குடும்பத்துல உங்களுக்கு ஒரு கெட்ட பேரும் வராது, ஒரு வாரம் யோசிங்கன்னாங்க."

"அப்புறம்?"

"யோசிச்சேன். பொய் வேண்டாம் டாக்டர், நானே சொல்லிக்கறேன்னு இன்னிக்குச் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

எனக்குப் புரிந்திருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"என்னால முடியாதுங்க."

கால் நின்றுவிட்டது. ஆச்சரியமாக இருந்தது, இத்தனை மாதத்தில் முதல் தடவை.

"பயம் எல்லாருக்கும்தான் சுகந்தி. நாலஞ்சு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம். ஓடலாம், ஆடலாம், எல்லாம் பழையபடி..."

"தெரியும். எல்லாத்தையும் படிச்சேன். அப்படியும் பயமாத்தான் இருக்கு. சாப்பாடு எறங்கல, தூக்கமில்ல. மயக்க ஊசின்னு நெனச்சாலே கையெல்லாம் சில்லுனு ஆயிடுது. ஏன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல."

"நான் செத்துப்போனா?"

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அதை நெனைக்காத நாள் ஒண்ணு இருக்கும்னு நெனைக்கிறீங்களா?"

எழுந்திருக்கப் போனவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யாழினி தர்றேன்னு சொன்னன்னிக்கு உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"என்ன பாத்தே?"

"விடுங்க" என்று சொல்லிவிட்டு மாவு கரைக்கப் போனாள்.

பிப்ரவரி 1, சனி

டயாலிசிஸ். ஆட்டோவில் போய் ஆட்டோவில் வந்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

அம்மாவிடம் சுகந்தியே சொல்லிவிட்டாள். அம்மா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள். அதிலிருந்து அவளோடு பேச்சில்லை. இவள் "அத்தை, காபி" என்று வைப்பதை அம்மா தொடுவதில்லை. ஆறியதும் இவளே எடுத்துக் கொட்டுகிறாள்.

எனக்குக் கோபம். மறைக்க ஒன்றுமில்லை. குளிக்கும்போது கோபம், மாத்திரையைப் பிரிக்கும்போது கோபம். இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்திருக்கிறோம். அவள் வராந்தாவில் ஷூ கயிற்றைக் கட்டும்போது அவள் முதுகைப் பார்க்கிறேன். இடுப்புக்கு மேலே, இரண்டு பக்கமும். அங்கேயே என் கண் போகிறது. ஒரு மனுஷியின் முதுகை இப்படிப் பார்க்கலாமா? பார்க்கிறேன்.

கட்டுரையை எடுத்து, அல்செஸ்டிஸைக் கற்புக்கரசியாகப் போற்றிய இடைக்கால ஐரோப்பியர்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதினேன். வேண்டுமென்றே எழுதினேன். எழுதிவிட்டு மேசைமேலேயே திறந்து வைத்துவிட்டு வந்தேன். அவள் அதன்மேல் என் மருந்துச் சீட்டை வைத்திருந்தாள், பறக்காமலிருக்க ஒரு டம்ளரோடு. படித்தாளா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 5, புதன்

அம்மா கரூருக்குப் பெட்டி கட்டினாள். அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருக்கப்போகிறாளாம்.

"இந்த வீட்ல இருந்தா என் வாயில ஏதாச்சும் வந்துடும் தம்பி. நான் போறேன்."

"அவளை ஏம்மா குத்தம் சொல்றே? நீதானே அவகிட்ட மொதல்ல கேட்டே. கேட்டது தப்பு."

இதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சுகந்திக்காகப் பேசுவதாக நினைத்தேன்.

அம்மா புடவையை மடிப்பதை நிறுத்தினாள். "நீ கேக்கச் சொன்னே, நான் கேட்டேன். ஆஸ்பத்திரியில என் கையப் புடிச்சுக்கிட்டு, நீ ஒரு வார்த்தை பேசிப் பாரும்மா, நான் கேட்டா நல்லா இருக்காதுன்னு சொன்னது யாரு? பெரியவன்கிட்டயும் நான்தான் போய் நின்னேன். என் சக்கரை ஒடம்புலேர்ந்து எடுத்துக்கறீங்களான்னு டாக்டர்கிட்டயும் நான்தான் கேட்டேன். நீ யாருகிட்ட என்ன கேட்டே?"

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். ஜன்னலோர இடம் கிடைத்தது.

பிப்ரவரி 10, திங்கள்

கட்டுரையை முடித்து அனுப்பிவிட்டேன். கடைசிப் பகுதி அவளுடைய மௌனத்தைப் பற்றியது. திரும்பி வந்த அல்செஸ்டிஸ் ஏன் பேசவில்லை? மேடையில் பேசும் நடிகர்கள் குறைவு, அவளுக்குக் குரல் தர ஆளில்லை என்கிறார்கள் சிலர். செத்து வந்தவளின் தீட்டுக் கழியும்வரை பேசக்கூடாது என்று நாடகத்திலேயே காரணம் இருக்கிறது. புதுமணப்பெண்ணின் முக்காடு அது, மறுபடி ஒரு கல்யாணம் நடக்கிறது என்கிறார்கள் சடங்குகளை ஆராய்ந்தவர்கள். அண்மைக் காலப் பெண் அறிஞர்கள் சிலர், அவளிடம் பேச என்ன மிச்சமிருக்கிறது என்று கேட்கிறார்கள்.

இத்தோடு முடித்திருக்கலாம். இன்னும் ஒரு பத்தி சேர்த்தேன். எல்லோரிடமும் அட்மெட்டஸ் போனான் என்று மூலத்தில் வரும் இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்குச் சோதித்தான் என்றும் பொருள் கொள்ளலாம். மனைவியின் எதிரே உட்கார்ந்து அவன் வாய்விட்டுக் கேட்ட காட்சி எங்கும் இல்லை. நான் படித்த அறிஞர்களில் ஒருவரும் அவள் மறுத்திருந்தால் என்ன என்று யோசித்துப் பார்க்கவில்லை. மறுத்திருந்தால் கதை இல்லை. அவன் சாவு வந்த அன்றைக்குச் செத்திருப்பான், அவள் வீட்டில் இருந்திருப்பாள், பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். இருவர் பெயரும் நமக்குத் தெரிந்திருக்காது.

செல்வகணபதி சாயங்காலமே கூப்பிட்டார். "அருமை சார். கடைசிப் பத்தி மட்டும் கொஞ்சம் சொந்த விஷயம் மாதிரி ஆயிடுச்சு. எடுத்துடலாமா?"

"இருக்கட்டும்" என்றேன்.

பிப்ரவரி 15, சனி

மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருப்போர் வரிசையில் நேற்று என் பெயரைப் பதிந்தார்கள். வருஷங்கள் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்று மருத்துவர் சொன்னார். சுகந்தியும் வந்திருந்தாள். அவர் இருவரிடமும் ஒரே குரலில்தான் பேசினார்.

இன்று அவளுக்குப் பள்ளி விடுமுறை. ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டாள். வழக்கமாக வாசலோடு திரும்பிவிடுவாள். இன்று உள்ளே வந்து, ஊசி குத்தும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊசியை அவளால் பார்க்க முடியாது. இது எனக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும். இன்றுதான் கவனித்தேன்.

"கோபம் போயிடுச்சா?" என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

"போகல."

"சரி."

இயந்திரம் ஓடத் தொடங்கியது. கால் மறுபடி அலைய ஆரம்பித்தது.

"நான் அப்பவே உன்கிட்ட நேரா கேட்டிருந்தா?"

அவள் திரும்பினாள். யோசித்துத்தான் பதில் சொன்னாள். "சரின்னு சொல்லியிருப்பேன். நீங்க கேட்டு நான் எதுக்கு இல்லைன்னிருக்கேன். யோசிக்காம சொல்லியிருப்பேன், அப்புறம் உங்களைப் பாக்கறப்பல்லாம் வெறுத்திருப்பேன். கேக்காம விட்டதுனால எனக்கு யோசிக்க நேரம் கெடைச்சுது."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். போகப்போகிறாள் என்று தெரிந்தது. வகுப்பறையில் இத்தனை வருஷம் பேசியவனுக்கு ஒரு வாக்கியம் வெளியே வர மாட்டேன் என்கிறது.

"சுகந்தி, இன்னிக்கு இங்க இருக்கியா? என்கூட?"

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பிள்ளைங்களுக்கு பிராக்டிஸ் இருக்கு. நாலு மணி வரைக்கும் இருக்கேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். என் காலின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்றக் கையில் போனில் எதையோ படித்தாள். கால் அடங்கவில்லை, அவள் கையும் கூடவே ஆடிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு எழுந்து போனாள்.